டைமிங் நின்றுபோன நேரத்தில் வரும் ஊசி

கேள்வி இதுதான். 22 வயது ஓட்டக்காரர், ஐந்து வருடப் பயிற்சி. 10,000 மீட்டரில் 31 நிமிடத்துக்குக் கீழே இறங்கவே முடியவில்லை. பதினான்கு மாதமாக அதே டைமிங். கூட ஓடும் ஒருவர் இரண்டே மாதத்தில் 30 நிமிடத்துக்குள் வந்துவிட்டார். "எல்லாரும் போடுறாங்க, நீ மட்டும் ஏன் கஷ்டப்படுற? மேல போனதும் நிறுத்திக்கலாம்" என்று சொல்லி, ஊக்கமருந்து ஊசி கொடுக்கும் ஓர் ஆளையும் கைகாட்டியிருக்கிறார். தப்பு என்று மனசுக்குத் தெரிகிறது, ஏன் தப்பு என்று தனக்கே விளக்கிக்கொள்ள முடியவில்லை, என்ன செய்வது?

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவோம். அந்த மருந்து வேலை செய்யும். "அதெல்லாம் பலன் தராது, உடம்பைத்தான் கெடுக்கும்" என்று சொல்லித் தடுக்கப் பார்ப்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பக்கத்தில் ஓடுகிறவரின் முன்னேற்றத்தைக் கண்ணால் பார்த்துவிட்டவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அதைவிட மோசம், அதற்குப் பிறகு சொல்லும் உண்மையும் சேர்ந்தே அடிபட்டுப்போகும்.

பேச்சு பெரும்பாலும் ஈபிஓ (எரித்ரோபொயட்டின்) பற்றித்தான் இருக்கும். அது சிறுநீரகம் தானாகவே சுரக்கும் ஹார்மோன். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் அதை உணர்ந்து ஈபிஓவைக் கூட்டும், எலும்பு மஜ்ஜை கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்கும். நெடுந்தூர ஓட்டத்திலும் சைக்கிளிலும் பெரும்பாலும் முட்டுக்கட்டையாக நிற்பது தசைக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனின் அளவு என்பதால், சிவப்பணு கூடினால் வேகம் கூடுகிறது. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 1980-களின் கடைசியில் செயற்கை ஈபிஓ வந்தது. 1990-ல் ஒலிம்பிக் கமிட்டி தடை செய்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒலிம்பிக்கில் முதன்முதலாக வந்தது 2000 சிட்னியில்தான். இடையில் இருந்த பத்து வருடங்களில் நெடுந்தூரச் சைக்கிள் பந்தயங்கள் என்ன ஆயின என்பது ஊரறிந்த கதை.

பலன் எவ்வளவு? கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கு நான்கு வாரம் ஈபிஓ கொடுத்துப் பார்த்ததில் 3,000 மீட்டர் டைமிங் 5-6% குறைந்தது. நிறுத்தி நான்கு வாரம் கழித்தும் சுமார் 3% மிச்சமிருந்தது. 31 நிமிடம் என்பது 1,860 விநாடி. அதில் 3% என்றால் 56 விநாடி. டைமிங் 30:04 ஆகிவிடும். ஆசை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. அந்த ஆய்வில் மருந்து போடாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. 2017-ல் லான்செட் ஹெமட்டாலஜி இதழில் வந்த இன்னொரு ஆய்வில், நல்ல பயிற்சி உள்ள 48 சைக்கிள் வீரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஈபிஓவும் இன்னொரு குழுவுக்கு வெறும் உப்புநீரும் எட்டு வாரம் கொடுத்து, கடைசியில் பிரான்சின் மோன் வான்தூ மலை மேல் பந்தயம் விட்டார்கள். ஆய்வகச் சோதனையில் உச்ச சக்தி கூடியிருந்தது. மலைப் பந்தயத்தில் இரண்டு குழுவுக்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை. கிளாஸ்கோவிலேயே 2015-ல் வெளியான மூன்றாவது ஆய்வு இந்தக் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. 15 கிளப் ஓட்டக்காரர்களுக்கு ஈபிஓ மாதிரி வேலை செய்யும் புது மருந்து என்று சொல்லி, தங்களுக்குத் தாங்களே உப்புநீரை ஊசி போட்டுக்கொள்ள வைத்தார்கள். 3 கி.மீ. பந்தயத்தில் அவர்கள் 1.2% வேகமாக ஓடினார்கள். 31 நிமிடக்காரருக்கு அது 22 விநாடி, வெறும் நம்பிக்கையால் கிடைத்தது.

இதிலிருந்து "மருந்து சும்மா" என்று நான் சொல்ல வரவில்லை. உச்சத்தில் இருப்பவர்களுக்கு 1% கூடப் பதக்கத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் உள்ள தூரம். நான் சொல்வது, கூட ஓடுகிறவரின் ஒரு நிமிடத்தில் எவ்வளவு மருந்து, எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு கூடுதல் பயிற்சி என்று உங்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது, அவராலும் முடியாது. ஊசி போட்ட நாளிலிருந்து தன் உடம்பு உண்மையில் எவ்வளவு ஓடும் என்ற அறிவு அவரிடமிருந்து போய்விட்டது. ஐந்து வருடமாகக் காலை நாலரை மணிக்கு எழுந்து தேடிக்கொண்டிருந்ததே அந்த அறிவைத்தான்.

ஆசை வரும் நேரத்தையும் கவனியுங்கள். டைமிங் ஒழுங்காக இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் யாரும் மருந்து தேடிப் போவதில்லை. காயம் பட்டு ஆறு வாரம் உட்கார்ந்திருக்கும்போது, தேர்வுப் பட்டியலில் ஓர் இடத்தில் தவறும்போது, உதவித்தொகை புதுப்பிக்க வேண்டிய மாதத்தில், இல்லை இந்த மாதிரி வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் வரும். வரும்போது ஈபிஓ என்ற பெயரோடு வராது. முதலில் வலி மாத்திரை. அடுத்தது பந்தயம் முடிந்ததும் ஒரு குளுக்கோஸ் டிரிப்ஸ், "ரெக்கவரி"க்கு. பிறகு வைட்டமின் ஊசி, இரும்பு ஊசி. ஊசியைப் பார்த்துக் கை கூசாமல் போகும் வரை இப்படிப் போகும். கடைசி ஊசிக்கும் முந்தைய ஊசிக்கும் கையில் வித்தியாசம் தெரியாது. சர்வதேச சைக்கிள் சங்கம் 2011-ல் மருத்துவக் காரணம் இல்லாத ஊசியே கூடாது என்று விதி போட்டது இதனால்தான். உள்ளே இருப்பது வைட்டமினாக இருந்தாலும் பழக்கம் பழக்கம்தான். அந்த டிரிப்ஸ் விஷயத்தில் இன்னொன்று: 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவதே உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் பட்டியலில் தடை செய்யப்பட்ட முறை. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோய் கண்டறியும் பரிசோதனை ஆகியவற்றின் பகுதியாக முறைப்படி ஏற்றினால் மட்டும் விலக்கு. உள்ளே வெறும் உப்புநீர் இருந்தாலும் இதே விதிதான். ஆகவே எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று கேட்டால், மருத்துவர் ஒரு நோயின் பெயர் சொல்லாத எந்த ஊசிக்கும் முன்னால் போடுங்கள். ஈபிஓவுக்கு முன்னால் போட்டால் காலம் கடந்துவிட்டிருக்கும்.

பதினான்கு மாதம் நின்றுபோன டைமிங்கை நான் எளிதாகக் கடந்து போக மாட்டேன். ஆசையின் வேர் அங்கேதான் இருக்கிறது. பல பேருக்கு அதற்குச் சாதாரணமான காரணம் இருக்கிறது. முதல் காரணம் சாப்பாடு போதாமை. 60 கிலோ எடை, அதில் கொழுப்பு நீங்கலாக 52 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்கு ஆகும் செலவு தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி, 20 கி.மீ. ஓடினால் 1,200 கலோரி. நாளுக்கு 2,400 கலோரி சாப்பிடுகிறவருக்கு உடம்பின் மற்ற எல்லா வேலைக்கும் மிஞ்சுவது 1,200. அதை 52 ஆல் வகுத்தால் 23. இந்த எண் 30-க்குக் கீழே நெடுநாள் இருந்தால் உடம்பு சிக்கனத்தில் இறங்கிவிடும். 45-ஐ ஒட்டி இருப்பது நல்லது. 45 வர வேண்டுமானால் அன்றைக்கு அவர் சாப்பிட வேண்டியது 3,500 கலோரிக்கு மேல். ஆயிரம் கலோரிக்கு மேல் துண்டு விழுகிறது, அவருக்கே தெரியாமல்.

துண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதில்தான் பெரிய கண்ணி இருக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். எலும்பில் கீறல் விழும், தூக்கம் கெடும், டைமிங் நிற்கும். அந்த நிலையில் ரத்தப் பரிசோதனை எடுத்தால் ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வரும். "பார், உனக்கு உண்மையிலேயே குறைவாக இருக்கிறது, இது ஊக்கமருந்து இல்லை, சிகிச்சை" என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பார். கேட்பவருக்கும் மனசாட்சி அடங்கிவிடும். ஆனால் அது பசியால் வந்த குறைவு. விரை அல்லது பிட்யூட்டரி சுரப்பியில் உடற்கூறு சார்ந்த நோய் இருந்தால்தான் டெஸ்டோஸ்டிரோனுக்கு மருத்துவ விலக்கு கிடைக்கும். அதிகப் பயிற்சியாலும் குறைந்த சாப்பாட்டாலும் இறங்கியதற்குக் கிடைக்காது. அதற்கு மருந்து, தட்டில் இன்னும் ஆயிரம் கலோரியும் மூன்று நான்கு மாதப் பொறுமையும்.

இரண்டாவது இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் லிட்டருக்கு 30-35 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நெடுந்தூர வீரர்களுக்கு அது கவனிக்க வேண்டிய விஷயம். மருத்துவர் பார்த்து மாத்திரை கொடுத்தால் அதில் தடை எதுவும் கிடையாது. கடுமையான பயிற்சிக்குப் பின் 3 முதல் 6 மணி நேரம் வரை ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி இரும்பை உள்ளே விடாது என்பதால், மாத்திரையைக் காலையில், பயிற்சிக்கு முன்போ முடிந்த அரை மணிக்குள்ளோ, வைட்டமின் சி உள்ள எதனோடாவது எடுப்பது நல்லது. டீ, காபியோடு வேண்டாம். மூன்றாவது, லேசாக ஓட வேண்டிய நாளிலும் இழுத்து ஓடுவது. வாரத்தின் ஓட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இருக்க வேண்டும். பக்கத்து ஆளோடு போட்டி போட்டு அதை நடுத்தர வேகமாக்கிவிட்டால், கடினமான நாளில் கால் எழாது.

அனுமதிக்கப்பட்ட வழிகளிலும் கணிசமான ஆதாயம் இருக்கிறது. 2,000 முதல் 2,500 மீட்டர் உயரத்தில் தங்கினால், சுமார் 100 மணி நேரத்துக்கு 1% என்ற கணக்கில் உடம்பின் மொத்த ஹீமோகுளோபின் கூடும்; மூன்று வாரம் தங்கினால் பலன் தெரியும், ஃபெர்ரிட்டின் காலியாக இல்லாவிட்டால். கஃபீன் கிலோவுக்கு 3 மி.கி. அளவிலேயே வேலை செய்யும். 2004-லிருந்து தடைப் பட்டியலில் அது இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பந்தயத்தில் மணிக்கு 60-90 கிராம் மாவுச்சத்து, குளுக்கோஸும் ஃபுரக்டோஸும் கலந்து, பயிற்சியிலேயே வயிற்றைப் பழக்கி எடுப்பது பல பேரை மாற்றியிருக்கிறது. 22 வயதில் இதையெல்லாம் முழுதாகச் செய்து முடித்தவர்கள் குறைவு. 10,000 மீட்டர், மாரத்தான் ஓட்டக்காரர்களின் உச்ச வயது பெரும்பாலும் இருபதுகளின் பின்பாதியிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் வருகிறது.

அடுத்து "எல்லாரும் போடுறாங்க". இதில் உண்மை கொஞ்சம் இருப்பதால்தான் ஆபத்து. 2011-ல் தென் கொரியாவின் தேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெயர் வெளிவராத முறையில் கேட்ட ஆய்வு, முந்தைய ஓராண்டில் தடை செய்யப்பட்ட ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 44% என்று மதிப்பிட்டது. சோதனையில் மாட்டுவது வழக்கமாக 1-2%. கேள்வி முறையைக் குறை சொன்ன பிற ஆய்வாளர்கள் உண்மை எண்ணிக்கை அதைவிடக் குறைவு என்று வாதிட்டிருக்கிறார்கள். 44-ஐயே நம்பினாலும் அதில் 56 பேர் போடாதவர்கள். "எல்லாரும்" என்று சொல்கிறவர் அந்த 56 பேரைக் கணக்கிலிருந்து அழிக்கிறார். தான் செய்வதற்குத் துணை தேடுகிறார். உங்களை இழுப்பதும் அந்தத் துணைக்காகத்தான்.

இன்னொரு பழைய கேள்வி உண்டு. 1980-களில் ராபர்ட் கோல்ட்மேன் என்ற மருத்துவர் விளையாட்டு வீரர்களைக் கேட்டார்: தங்கப் பதக்கம் நிச்சயம், ஆனால் ஐந்து வருடத்தில் சாவு, அப்படி ஒரு மருந்து இருந்தால் எடுப்பீர்களா? ஏறக்குறைய பாதிப் பேர் சரி என்றதாகச் சொன்னார். இளைஞர்கள் எதற்கும் துணிவார்கள் என்பதற்கு இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். 2013-ல் வெளியான ஆய்வில் 212 தடகள வீரர்களிடம் அதே கேள்வியைக் கேட்டபோது சரி என்றவர்கள் இரண்டே பேர். சாவு இல்லை, விளைவே இல்லை என்று மாற்றிக் கேட்டபோதும் 25 பேர்தான். வேண்டாம் என்று நினைக்கும் நீங்கள் தனி ஆள் இல்லை. பெரிய கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள், அந்தக் கூட்டம் சத்தம் போடுவதில்லை.

இப்போது, ஏன் தப்பு? "விதி இருக்கிறது, அதனால்" என்ற பதில் உங்களுக்குப் போதவில்லை, போதவும் கூடாது. எதிர்வாதங்கள் நிஜமாகவே வலுவானவை. உயரத்தில் போய்த் தங்கினாலும் சிவப்பணு கூடுகிறது, ஈபிஓ போட்டாலும் கூடுகிறது, ஒன்று சரி ஒன்று தப்பு என்பது என்ன நியாயம்? பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மான்ட்யூரான்டா 1964 இன்ஸ்ப்ரூக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். அவர் குடும்பத்தில் ஈபிஓ ஏற்பியின் மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதும், பிறவியிலேயே அவர்களுக்குச் சிவப்பணு மிக அதிகம் என்பதும் பிற்காலத்தில் தெரியவந்தது. பிறவியில் கிடைக்காதவர் ஊசியில் எடுத்துக்கொண்டால் சமன்தானே?

சமன் ஆகாது. எல்லாருக்கும் ஊசி அனுமதி என்று வைத்தால், யாருடைய உடம்பு மருந்துக்கு அதிகம் வளைந்துகொடுக்கிறது, யாரிடம் கெட்டிக்கார மருத்துவர் இருக்கிறார், யார் அதிக ஆபத்துக்குத் துணிகிறார் என்பதே போட்டியாகிவிடும். பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும், மேலே புதிதாக ஒன்று வந்து உட்காரும். 1997-ல் சைக்கிள் சங்கம், உடல்நலப் பாதுகாப்புக்காக, ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் பந்தயம் இல்லை என்று வரம்பு வைத்தது. ஈபிஓவுக்குச் சோதனையே இல்லாத காலம் அது. இயல்பில் 42 இருந்தவர் 49 வரை ஏற்றிக்கொண்டார்; இயல்பிலேயே 48 இருந்தவருக்கு ஏற்ற இடமே இல்லை. வரம்பு இலக்காக மாறியது, நேற்று வரை நல்ல வீரராக இருந்தவர் பின்தங்கினார்.

கோடு மனிதர்கள் போட்டதுதானே என்றால், ஆமாம். மாரத்தான் 42.195 கி.மீ. என்பதும் 1908 லண்டன் பந்தயத்துக்காகப் போட்டு 1921-ல் நிலைநிறுத்திய கோடுதான். 41.8-ல் குறுக்கே புகுந்து வந்தவர், "அந்த எண்ணே தற்செயல்தானே" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டோம். வாடா ஒன்றைப் பட்டியலில் சேர்க்க மூன்று அளவுகோல்களைப் பார்க்கிறது: திறனைக் கூட்டுமா, உடல்நலத்துக்குக் கேடா, விளையாட்டின் உணர்வுக்கு மாறானதா. இரண்டு பொருந்தினால் சேர்க்கலாம். மூன்றாவது அளவுகோல் வழவழப்பானது என்று குறை சொல்வதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனாலும் தொடக்கக் கோட்டில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் நீங்கள் சொல்லாமல் சொல்வது ஒன்று இருக்கிறது: நானும் இதே விதியில்தான் ஓடுகிறேன். ஊசியை மறைக்க வேண்டியிருப்பதே அந்தச் சொல்லை உடைக்கிறோம் என்று தெரிவதால். உயரத்துக்குப் போய்ப் பயிற்சி செய்கிறவர் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்.

யாருக்கு நஷ்டம் என்று முகத்தோடு பார்க்க வேண்டுமானால் 2012 லண்டன் ஒலிம்பிக், பெண்கள் 1,500 மீட்டர் இறுதி ஓட்டத்தைப் பாருங்கள். முதலும் இரண்டாவதுமாக வந்த இருவர் பிற்காலத்தில் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். நான்காவதாக வந்தவரின் முடிவு 2024-ல் ரத்தானது. அன்று ஆறாவதாக ஓடி முடித்த அமெரிக்காவின் ஷானன் ரௌபரிக்கு வெண்கலம் என்று ஆனது, 12 வருடம் கழித்து. அன்று மாலை மைதானத்தில் அவருக்காகக் கொடி ஏறவில்லை. பதக்கம் வாங்கியவர் என்ற பெயரில் வந்திருக்கக்கூடிய ஒப்பந்தங்கள் வரவில்லை. அந்த 12 வருடமும், தன் நாளில் தான் போதவில்லை என்று நினைத்துக்கொண்டே வாழ வேண்டியிருந்தது. நீங்கள் 30:04 ஓடினால் உங்கள் தேர்வுப் பட்டியலில் யாரோ ஒருவர் ஓர் இடம் கீழே போவார். அவரும் நாலரை மணிக்கு எழுகிறவர்தான். அவர் அடுத்த மாதம் தன் பயிற்சியாளரிடம் போய், "எனக்கு ஏன் வரவில்லை" என்று கேட்பார். அவருக்கும் ஓர் ஆளைக் கைகாட்டுவார்கள்.

"மேலே போனதும் நிறுத்திக்கலாம்" என்பது நடக்காத கணக்கு. நிறுத்தியதும் சில வாரங்களுக்கு மஜ்ஜையின் சொந்த உற்பத்தி அடங்கிக் கிடக்கும். டைமிங் ஏறும். மேல்மட்டத்தில் இடம் கிடைத்த அதே மாதத்தில், எதிர்பார்ப்பு கூடியிருக்கும்போது, பழைய உடம்போடு ஓட யாருக்குத் தைரியம் வரும்? நிறுத்தியதையும் ரத்தம் சொல்லிவிடும். உயிரியல் கடவுச்சீட்டு என்று ஒன்று இருக்கிறது. சைக்கிளில் 2008-ல் தொடங்கியது. மருந்தைத் தேடாமல், ஒரே ஆளின் ரத்தத்தை வருடக்கணக்கில் அவரோடே ஒப்பிடும் முறை. அதில் ஓஃப் ஸ்கோர் என்ற எண்: லிட்டருக்கு எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்பதிலிருந்து, இளம் சிவப்பணு சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60 ஆல் பெருக்கிக் கழிப்பது. இயல்பாக 150 கிராம், 1% என்றால் 150 - 60 = 90. மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது 155 கிராம், 2.25% என்றால் 155 - 90 = 65. நிறுத்திய பிறகு 170 கிராம், 0.2% என்றால் ஏறக்குறைய 143. போட்டாலும் கீழே விழுகிறது, விட்டாலும் மேலே எகிறுகிறது. மாதிரிகளைப் பத்து வருடம் வரை வைத்திருந்து புதிய முறைகளில் திரும்பச் சோதிக்கலாம். வழக்குத் தொடரவும் பத்து வருட அவகாசம் உண்டு.

உடம்புக்கு வரும் கேடு பற்றிச் சுருக்கமாக. சிவப்பணு கூடினால் ரத்தம் தடிக்கும். நீண்ட ஓட்டத்தில் வியர்த்து நீர் குறைந்தால் இன்னும் தடிக்கும். உறைகட்டி மூளைக்கோ நுரையீரலுக்கோ போகலாம். ஈபிஓவை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கள்ளத்தனமாகக் கைமாறி வரும் குப்பி எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அரிதாக, உடம்பு செயற்கை ஈபிஓவுக்கு எதிராக எதிர்ப்பொருளை உண்டாக்கி, சொந்த ஈபிஓவையும் சேர்த்துத் தாக்கிவிடும். பிறகு மஜ்ஜை சிவப்பணுவே செய்யாது, ரத்தம் ஏற்றித்தான் வாழ வேண்டும். இத்தாலியச் சைக்கிள் வீரர் ரிக்கார்டோ ரிக்கோ 2011-ல் உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் சேர்ந்தார். குளிர்பெட்டியில் வைத்திருந்த தன் ரத்தத்தையே தனக்கு ஏற்றிக்கொண்டதாக மருத்துவரிடம் சொன்னார் என்பதே வழக்கு. அடுத்த வருடம் 12 வருடத் தடை வந்தது. நெடுந்தூர வீரர்களிடம் சுற்றும் இன்னொரு பெயர் கார்டரின். எலிகளில் புற்றுநோய் தோன்றியதால் மருந்தாக்கும் முயற்சியே கைவிடப்பட்ட பொருள் அது. வாடா 2013-ல் வெளிப்படையாக எச்சரித்தது. இன்னும் சப்ளிமென்ட் என்ற பெயரில் இணையத்தில் விற்கிறார்கள்.

வேண்டாம் என்று முடிவு செய்தவரும் தெரியாமல் மாட்டலாம். உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பது விதி. எப்படி வந்தது என்பது தண்டனையின் அளவைத்தான் மாற்றும், மீறலை அழிக்காது. கொலோன் ஆய்வகம் 2000-களின் தொடக்கத்தில் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்ததில் 94-இல் லேபிளில் இல்லாத ஸ்டீராய்டு மூலப்பொருள்கள் இருந்தன. எனவே தேவையில்லாத பொடி எதுவும் வேண்டாம். தேவைப்பட்டால், இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் போன்ற தனி அமைப்பு தொகுதி வாரியாகச் சோதித்ததை மட்டும் வாங்கி, தொகுதி எண்ணைப் படம் எடுத்து, அதே தொகுதியில் பிரிக்காத ஒரு டப்பாவை எடுத்து வையுங்கள். ரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் ஹைட்ரோகுளோரோதையசைடு இருக்கும்; அது எப்போதும் தடை. ஜலதோஷ மாத்திரையில் வரும் சூடோஎஃபெட்ரின், சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் பந்தயக் காலத்தில் மீறல். வலி மாத்திரையான டிரமடால் 2024 ஜனவரி 1 முதல் பந்தயக் காலத்தில் தடை. பந்தயக் காலம் என்பது முந்தைய நாள் இரவு 11:59-க்கே தொடங்கிவிடுகிறது. ஆஸ்துமாவுக்கு சல்பூட்டமால் இழுப்பவர்கள் 24 மணி நேரத்தில் 1,600, எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமுக்குள் நிற்க வேண்டும். பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-லும் மாறும். டிசம்பரில் ஒருமுறை உட்கார்ந்து உங்கள் மருந்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிடுங்கள். தடை செய்யப்பட்ட மருந்து உண்மையான நோய்க்குத் தேவைப்பட்டால் மருத்துவ விலக்குக்குப் பந்தயத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பியுங்கள்.

அந்த ஆளிடம் என்ன சொல்வது? விவாதம் வேண்டாம். "இது தப்பில்லையா" என்று கேட்டால் அவரிடம் பத்துப் பதில் தயாராக இருக்கும். "நான் ஊசி போட்டுக்கொள்வதில்லை" என்று சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள். "பாத்துக்கலாம், யோசிச்சு வை" என்று ஒரு குப்பியைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள். போடாமல் பையில் வைத்திருந்தாலே அது மீறல். சொன்னது யார், எந்தத் தேதி, என்ன பெயர் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். கைகாட்டியது பயிற்சியாளராக இருந்தால் பயிற்சியாளரை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த முடிவு ஒரு சீசனை விழுங்கும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். வேண்டுமென்றே செய்த மீறலுக்கு வழக்கமான தடை நான்கு வருடம், 22 வயதுக்காரருக்கு அது 26. புகார் சொல்ல விரும்பினால் வாடாவின் ஸ்பீக் அப் தளத்தில் பெயர் இல்லாமலும் சொல்லலாம். புகார் சொல்பவரை மிரட்டுவதும் பழிவாங்குவதும் 2021 விதித்தொகுப்பில் தனி மீறலாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கேள்வியைப் படிக்கிறவர்களில் ஏற்கெனவே ஒன்றிரண்டு ஊசி போட்டுவிட்டவரும் இருப்பார். அவர் முதலில் நிறுத்த வேண்டும். பிறகு இந்த வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு மருத்துவரிடம் போய் மறைக்காமல் சொல்லி, முழு ரத்த எண்ணிக்கையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். கால் ஒருபக்கம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, திடீர்த் தலைவலியோடு பேச்சு குழறினாலோ அன்றைக்கே அவசரப் பிரிவு. அடுத்ததாகத் தன் நாட்டின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு. மாதிரி எடுக்கச் சொல்வதற்கு முன், வேறு ஆதாரமே இல்லாத நிலையில், தானாக வந்து ஒப்புக்கொள்கிறவரின் தடைக்காலத்தைப் பாதி வரை குறைக்க விதியில் இடம் உண்டு. கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கும் உண்மையான உதவி செய்தால், தடையில் முக்கால் பங்கு வரை நிறுத்திவைக்கலாம். போகும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தேதி, மருந்தின் பெயர், எத்தனை முறை, யார் கொடுத்தது, எவ்வளவு பணம் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதுங்கள். காலிக் குப்பியும் பெட்டியும் மிச்சமிருந்தால் தூக்கிப் போடாமல், அவற்றை என்ன செய்வது என்று முதலில் அந்த வழக்கறிஞரிடமே கேளுங்கள்.